வெட்டுப்பட்ட கிழங்கு

"மனசு அடங்க மாட்டேங்குது, அம்மா," என்றார் நல்லபெருமாள்.

"அடங்காம என்ன பண்ணுது?"

"ஏதோ முணுமுணுத்துக்கிட்டே இருக்கு."

"என்ன முணுமுணுக்குதுன்னு கேட்டீங்களா?"

"அதை எதுக்கும்மா கேட்கணும்? அது வாயை அடைக்க ஒரு மந்திரம் கொடுங்க, போதும்."

மடத்து அம்மா சிரித்தார். நல்லபெருமாளைவிட அவர் வயதில் ரொம்பவே சின்னவர். மனுஷனுக்கு அதுவும் உள்ளுக்குள் ஒரு உறுத்தல்தான்.

"முத்தரசி தோட்டத்துல உருளைக்கிழங்கு தோண்டணும். அவ புருஷன் கால் ஒடிஞ்சு கிடக்கான், கூலிக்கும் ஆள் கிடைக்கலை. நாளைக்கு மடத்து ஆளுங்க நாம எல்லாரும் போறோம். மழைக்கு முன்னால முடிச்சுட்டா, சாயங்காலம் உங்க காதுல உபதேசம்."

"நிஜமாவா?"

"அதுக்கு மறுநாள் நான் வடக்கே கிளம்புறேன். திரும்பி வர்றதுக்கு எத்தனை வருஷம் ஆகுமோ."

இனி அவருக்குத் தூக்கம் வருமா? விடிவதற்குள் மண் தோண்டும் கொத்தைத் தோளில் போட்டுக்கொண்டு தோட்டத்தில் நின்றார்.

ஐப்பசி மாதம். மலைச்சரிவில் சின்னத் தோட்டம். எதிர்மலை உச்சியில் மேகம் கறுத்துக்கொண்டிருந்தது.

வந்தவர்களை முத்தரசி கும்பிட்டாள்.

"ஒண்ணே ஒண்ணு சொல்லிக்கிறேன். கொத்து பட்டு வெட்டுப்பட்ட கிழங்கை மூட்டையில போட்டுடாதீங்க. இது விதைக்கிழங்கு. கொட்டகையில அடுக்கிட்டா தை மாசம்தான் பிரிப்போம். ஒரு வெட்டுக் கிழங்கு உள்ள போனாலும் மூட்டையே அழுகிடும். அழுகிட்டா எங்களுக்கு அடுத்த வெள்ளாமையே இல்லை."

"வெட்டுப்பட்டதை என்ன பண்றது?" என்று யாரோ கேட்டார்கள்.

"சாயங்காலக் குழம்புக்கு. அவங்கவங்க வெட்டினதை அவங்கவங்களே கொண்டுவந்து அண்டாவுல போடணும். எங்க பக்கத்து வழக்கம் அது. நாலு பேர் கேலி பண்ணுவாங்க. பண்ணிட்டுப் போகட்டும்."

வேலை தொடங்கியது.

நல்லபெருமாள் மூன்றாவது கொத்திலேயே ஒரு கிழங்கை இரண்டாக்கினார்.

அக்கம்பக்கம் பார்த்தார். யாரும் பார்க்கவில்லை.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற ஆட்கள் உண்டு. இவர் அரை உருளைக்கிழங்கைத்தானே மறைத்தார், பெரிய தப்பா என்று கேட்கலாம். அவரும் அதையேதான் தன்னிடம் கேட்டுக்கொண்டார். மூட்டைக்குள் போட்டு, மேலே நாலு நல்ல கிழங்கைத் தள்ளினார்.

தூரத்தில் இடி உருண்டது.

"வெரசா, வெரசா," என்றாள் முத்தரசி.

எல்லோர் கையும் வேகம் பிடித்தது. வேகம் பிடித்தால் வெட்டும் கூடும். ஒவ்வொருவர் பக்கத்திலும் வெட்டுக் கிழங்கு சேர்ந்தது. அம்மாவின் பக்கத்தில்தான் பெரிய குவியல்.

"அம்மா, இன்னைக்குக் குழம்பு பூரா உங்க தயவுதான்," என்றார் கூட வந்த வாத்தியார் ஒருவர்.

"கொத்து எடுத்தா வெட்டத்தான்யா செய்யும்," என்றார் அம்மா. யாரையும் பார்த்துச் சொல்லவில்லை.

நல்லபெருமாளுக்குச் சுருக்கென்றது. எடுத்துவிடலாமா என்று மூட்டையைத் தொட்டார். முக்கால்வாசி நிறைந்திருந்தது. எடுக்க வேண்டுமென்றால் கொட்டித்தான் எடுக்க வேண்டும். கொட்டினால் எல்லோரும் பார்ப்பார்கள்.

சரி, இனிமேல் தனியாக வைப்போம் என்று முடிவு செய்தார்.

அந்த நேரம் பார்த்து முத்தரசி அவர் பக்கம் வந்தாள். வெறும் தரையைப் பார்த்தாள்.

"அய்யா, ஒண்ணுகூட வெட்டலையா? எம்புட்டுப் பதனமான கை!"

இதற்கப்புறம் எப்படி வெளியே வைப்பது? அடுத்து வெட்டியதும் உள்ளே போனது. அடுத்த இரண்டு மூட்டைகளிலும் அதே கதைதான்.

கடைசி மூட்டை கொட்டகைக்குள் போகவும், மழை சோவென்று இறங்கவும் சரியாக இருந்தது. ஈரம் படாமல் எல்லாம் உள்ளே வந்துவிட்டது. முத்தரசி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அடுப்பில் அண்டா ஏறியது. ஒவ்வொருவராகத் தங்கள் வெட்டுக் கிழங்கைக் கொண்டுவந்து போட்டார்கள். "கிழங்கு தோண்டச் சொன்னா பொரியலுக்கு நறுக்கியிருக்கீங்களே" என்று ஒரே கேலி. அம்மா முறம் நிறையக் கொண்டுவந்து கொட்டினார். கொட்டகையே சிரித்தது.

நல்லபெருமாள் கையை வீசிக்கொண்டு வந்தார்.

"இந்த அய்யா கட்டின மூணு மூட்டையையும் சுவரோரமா அடியில வச்சு, மத்ததை மேல அடுக்கச் சொல்லிட்டேன்," என்றாள் முத்தரசி. "எது போனாலும் அது போகாது. எங்களுக்கு அது போதும்."

கயிற்றுக் கட்டிலில் காலை நீட்டிப் படுத்திருந்த அவள் புருஷன், படுத்தபடியே நல்லபெருமாளைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டான்.

நல்லபெருமாளுக்குப் பதில் கும்பிடு போடக் கை எழவில்லை.

"வாங்கய்யா," என்றார் அம்மா. "சொன்னது சொன்னபடி. உட்காருங்க."

சம்மணம் போட்டு உட்கார்ந்தார். கண்ணை மூடினார். மூன்று வருஷமாகக் காத்திருந்த நிமிஷம். வாங்கிக்கொண்டு பேசாமல் போய்விடலாம். தை மாதம் யாருக்கு எது தெரியப்போகிறது?

"இப்பவும் முணுமுணுக்குதா?"

"இல்லைம்மா." கண்ணைத் திறக்கவில்லை. "கத்துது."

"சரி. காதைக் கொடுங்க."

மற்றவர்கள் தள்ளிப் போய் உட்கார்ந்தார்கள். கூரைமேல் மழைச் சத்தம் மட்டும் கேட்டது. உபதேசம் என்றால் அப்படித்தான், அடுத்தவர் காதில் விழக்கூடாது. அம்மா குனிந்து, அவருடைய வலது காதருகே வாயை வைத்து, அவருக்கு மட்டும் கேட்கும்படி சொன்னார்.

"எந்த மூட்டை?"

நல்லபெருமாள் கண்ணைத் திறந்தார்.

அம்மாவைப் பார்க்கவில்லை. எழுந்து, முத்தரசி பக்கம் திரும்பினார்.

"மூணுலயும் இருக்கு, தாயி," என்றார், எல்லோருக்கும் கேட்கும்படி.