நாலு விரல் உயரம்

வையாபுரி சைக்கிளில் ஏறுவதற்கு முன் ஒன்றே ஒன்று கேட்டார்.

"அம்மிணி, இந்தச் சீட்டைக் கொஞ்சம் இறக்கித் தர்றீங்களா? ரெண்டு காலும் தரையில படோணும்."

அமலோற்பவம் அவரை ஒருமுறை பார்த்தாள். சைக்கிளை ஒருமுறை பார்த்தாள். இடுப்புப் பையிலிருந்து ஸ்பேனரை எடுத்தாள்.

"எவ்வளவு சார்?"

"பாதம் முழுசாப் படோணுமுங்க. நுனிக்கால் ஆகாது."

அவள் நாலு விரல் இறக்கினாள். அவர் உட்கார்ந்து பார்த்தார். இரண்டு பாதமும் தரையில் பதிந்தன.

"இப்பச் சரிங்க," என்றார்.

புதுச்சேரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. காலை மணி ஐந்து ஐம்பது. அமலோற்பவத்துக்கு வயது முப்பத்து மூன்று. ஊர் பார்க்க வருகிறவர்களைச் சைக்கிளில் கூட்டிப்போவது அவள் வேலை. அதில் ஒன்பது வருடம் ஆகிறது.

வையாபுரிக்கு வயது ஐம்பத்தாறு. எடை நூற்றெட்டு கிலோ. ஈரோட்டு மஞ்சள் மண்டி ஒன்றில் முப்பத்தொரு வருடமாக ஒரே நாற்காலியில் உட்கார்ந்து மூட்டை எண்ணுகிறவர்.

குடும்பத்தில் ஏழு பேர் வருடத்துக்கு ஒருமுறை ஊர் சுற்றுவார்கள். இது பன்னிரண்டாவது பயணம். முந்தைய பதினொன்றிலும் வையாபுரி பை பார்த்துக்கொண்டார். மலைக்கோட்டைக்குப் போனால் அடிவாரத்தில். அருவிக்குப் போனால் டீக்கடை பெஞ்சில். மற்ற ஆறு பேரும் பைகளையும் செருப்புகளையும் அவரைச் சுற்றி வைத்துவிட்டுப் போவார்கள். திரும்பி வந்து, பார்த்ததைச் சொல்வார்கள். அவர் கேட்டுக்கொள்வார்.

போன மாதம் அவருடைய பேத்தி போட்டோக்களை எல்லாம் புரட்டிப் பார்த்தாள்.

"தாத்தா, நீங்க இந்த ஊருக்கெல்லாம் போனதே இல்லியா?"

அவர் அன்று சரியாகச் சாப்பிடவில்லை. மறுநாள் டாக்டரிடம் போனார். சைக்கிள் ஓட்டலாமா என்று கேட்டார். மெதுவாக ஓட்டுங்கள், மூச்சு வாங்கினால் உடனே நின்றுவிடுங்கள் என்றார் டாக்டர். அதனால்தான் பாதம் தரையில் படவேண்டும் என்றார் வையாபுரி. நிற்பதற்கு.

போகவேண்டிய இடம், ஓர் ஆறு கடலில் சேரும் முகத்துவாரம். ஒன்பது கிலோமீட்டர். வழியில் ஒரு பாலம்.

"மாப்ள," என்றார் நாச்சிமுத்து. வையாபுரியின் மனைவிக்கு அண்ணன். வயது அறுபத்தொன்று. தினமும் ஐந்து கிலோமீட்டர் நடக்கிறவர். அதைத் தினமும் சொல்கிறவர். "உங்களுக்கு எதுக்குங்க இந்தப் பாடு? ஆத்துல என்னங்க இருக்குது? தண்ணிதான். நீங்க பாட்டுக்கு இங்க காத்தாட உக்காருங்க. பையை வெச்சுட்டுப் போறோம்."

"நான் வர்றனுங்க மச்சான்."

"வந்து?"

"பாக்கறனுங்க."

அமலோற்பவம் எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னாள். "ரெண்டு விஷயம். மெதுவா ஓட்டறவர் முன்னால போகணும். அவரை யாரும் தாண்டக் கூடாது. ஒன்பதரைக்கு உங்க வேன் சிதம்பரம் கிளம்புது. அதனால ஏழே முக்காலுக்கு எங்க இருக்கோமோ அங்கயே திரும்பிடணும். பாலத்துல இருந்தாலும் சரி."

"அப்ப மாப்ளதான் முன்னால," என்றார் நாச்சிமுத்து. ஆறு பேரும் சிரித்தார்கள். வையாபுரியும் சிரித்தார்.

ஆறு மணிக்குக் கிளம்பினார்கள்.

கடற்கரைச் சாலையில் வண்டிகள் இல்லை. இடது கையில் கடல். வையாபுரி கடலைப் பார்க்கவில்லை. விளக்குக் கம்பங்களை எண்ணினார். ஒவ்வொரு மிதிக்கும் முழங்கால் மேலே வந்து வயிற்றில் இடித்தது. பதினான்காவது கம்பத்தில் நின்றார். இரண்டு பாதமும் தரையில் பதிந்தன.

"நிக்கறதுக்கு நல்லா இருக்குதுங்க," என்றார் மூச்சு வாங்க.

அமலோற்பவம் தண்ணீர் கொடுத்தாள்.

அடுத்து பதினொரு கம்பம். அதற்கடுத்து ஒன்பது. பின்னால் ஆறு சைக்கிள் மணிகளும் அடித்தன. கைவீசி நடந்து வந்த ஒரு அம்மாள் அவர்களைக் கடந்து போனார். சாலை முடிவைத் தொட்டுவிட்டுத் திரும்பி எதிரே வந்தார். "இன்னும் இங்கதான் இருக்கீங்களா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

"மாப்ள," என்று பின்னாலிருந்து குரல் வந்தது. "நாம போய்ச் சேர்றதுக்குள்ள கடல் வத்திருமுங்க."

கடற்கரைச் சாலை முடியும்போது ஆறு தடவை நின்றிருந்தார். மணி ஆறு முப்பத்தைந்து. வந்திருந்தது ஒன்றரை கிலோமீட்டர்.

வையாபுரி சைக்கிளை விட்டு இறங்கினார். ஒரு சிமென்ட் கட்டையில் உட்கார்ந்தார். சட்டை நனைந்திருந்தது.

"அம்மிணி, அவங்களைக் கூட்டிட்டுப் போங்க. பையெல்லாம் இங்க இருக்கட்டும்."

நாச்சிமுத்து ஏற்கெனவே தன் பையைத் தோளிலிருந்து எடுத்திருந்தார். ஒவ்வொன்றாக ஆறு பைகள் வையாபுரியின் காலடிக்கு வந்தன. அவர் அவற்றைப் பார்த்தார். பழக்கத்தில் வரிசையாக அடுக்கினார். ஆறாவது பையை அடுக்கும்போது கை நின்றது.

"அம்மிணி."

"சொல்லுங்க சார்."

"நிக்கறது எனக்கு நல்லா வருதுங்க. ஆறு தடவை நின்னேன், ஒரு தடவைகூட ஆட்டமில்லை. போறதுதான் வரமாட்டேங்குது. அது ஏனுங்க?"

அமலோற்பவம் ஸ்பேனரை எடுத்தாள். அவருடைய சைக்கிளின் சீட்டை இரண்டு விரல் உயர்த்தினாள். திருகி இறுக்கினாள். கையால் அழுத்திப் பார்த்தாள்.

"உக்காருங்க."

அவர் உட்கார்ந்தார். குதிகால் இரண்டும் மேலே எழும்பின.

"குதிகால் படலீங்களே."

"படாது."

"மூச்சு வாங்குச்சுன்னா?"

"நுனிக்கால் படும். நிக்கலாம்."

"சாஞ்சுட்டா?"

"பக்கத்துலதான் வரேன்."

நாச்சிமுத்து குறுக்கே வந்தார். "ஏம்மா, நல்லபடியா உக்காந்தவரைக் கிளப்பி விடறயே. ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சுன்னா என்ற தங்கச்சிக்கு ஆரு பதில் சொல்றது?"

"ஐயா, உங்க பையை எடுத்துக்குங்க," என்றாள் அமலோற்பவம். "முன்னால போறவரு போனாத்தான் நீங்க போக முடியும்."

வையாபுரி நாச்சிமுத்துவின் பையை எடுத்து அவரிடமே நீட்டினார். பன்னிரண்டு பயணத்தில் அது முதல் தடவை. நாச்சிமுத்து அதை வாங்கிக்கொண்டார். வேறு என்ன செய்வதென்று அவருக்குத் தெரியவில்லை.

அடுத்த சாலையிலும் விளக்குக் கம்பங்கள் இருந்தன. இந்த முறை பதினான்காவது கம்பம் வந்தது, போனது. இருபதும் போனது. முழங்கால் வயிற்றில் இடிக்கவில்லை. மூச்சு வாங்கியது, ஆனால் உள்ளே போய் வெளியே வந்தது. முப்பத்தெட்டில் நின்றார். நுனிக்காலில் கொஞ்சம் ஆடினார். அமலோற்பவம் கை நீட்டவில்லை. அவரே சமாளித்தார்.

அடுத்து நாற்பத்தொன்று. அதற்கடுத்து ஐம்பது. பின்னால் மணிச் சத்தம் குறைந்துவிட்டது.

பாலத்துக்கு வந்தபோது மணி ஏழு பதினைந்து. பாலம் பெரிய ஏற்றம் அல்ல. பள்ளிக்கூடப் பிள்ளைகள் பேசிக்கொண்டே ஏறிவிடுவார்கள். வையாபுரி மூன்றில் ஒரு பங்கு ஏறினார். அதற்குமேல் பெடல் இறங்க மறுத்தது. நின்றார்.

நுனிக்காலில் நின்றபடி கைப்பிடியில் தலையைச் சாய்த்துக்கொண்டார். நாச்சிமுத்துகூடக் கேலி செய்யவில்லை. அவருக்கும் மூச்சு வாங்கியது.

மூன்று நிமிடம் போனது. மூச்சு அடங்கியது. வையாபுரி சீட்டின் கீழே இருந்த கம்பியைக் குனிந்து பார்த்தார். காலையில் சீட்டை இறக்கி இறுக்கிய இடத்தில் எண்ணெய்க் கறை ஒரு வளையமாகத் தெரிந்தது; இப்போது அது மேலே ஏறியிருந்தது. விரல் வைத்து அளந்தார். இரண்டு விரல்.

"அம்மிணி, இறக்குன நாலுல இன்னும் ரெண்டு விரல் பாக்கி இருக்குதுங்க."

"ஆமா சார்."

"ஏத்திருங்க."

"கால் எட்டாது."

"தெரியுமுங்க."

"நின்னா சாய்வீங்க. சீட்டை விட்டு முன்னால இறங்கித்தான் நிக்கணும்."

"நிக்க மாட்டனுங்க."

அவள் ஏற்றினாள். எண்ணெய் வளையம் இன்னும் இரண்டு விரல் மேலே போனது. பாலத்து நடைபாதையின் விளிம்பில் ஒரு காலை ஊன்றி ஏறச் சொன்னாள். அவர் ஊன்றினார். உந்தினார்.

"லாபம்," என்றார்.

அடுத்த மிதி. "ரெண்டு." அடுத்த மிதி. "மூணு."

"அது என்ன சார், லாபம்?" என்று பக்கத்தில் வந்துகொண்டே கேட்டாள்.

"மண்டியில… ஒண்ணுன்னு… எண்ண மாட்டமுங்க. ஆறு."

"சரி, எண்ணுங்க."

பதினெட்டில் முகம் சிவந்தது. இருபத்தேழில் சைக்கிள் ஒரு பக்கம் சாய்ந்து, நிமிர்ந்தது. நாற்பதில் அவர் கண்ணை மூடிக்கொண்டார். "கண்ணைத் திறங்க," என்றாள். திறந்தார். ஐம்பத்து மூன்றில் பெடல் திடீரென்று லேசானது. அவர் எண்ணுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தார். கீழே ஆறு ஓடிக்கொண்டிருந்தது. தூரத்தில் அது அகன்று வெளுத்திருந்தது.

இறக்கத்தில் சைக்கிள் தானே ஓடியது.

பாலம் தாண்டிப் போகும் சாலையில் தென்னை மரங்கள். அவர் நிற்கவில்லை. நிற்க முடியாது. ஒரு நாய் குறுக்கே வந்தது, போனது. மீன் கூடையோடு ஒரு பெண் நடுச்சாலையில் நடந்துகொண்டிருந்தாள்.

"யோவ், ஓரமாப் போய்யா!" என்றாள்.

"எனக்கு ஓரமும் தெரியாது, நிக்கவும் தெரியாதுங்க! நீங்க போயிருங்க தாயி!" என்று கத்தினார் வையாபுரி.

அவள் விலகி நின்று, கூடையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

சாலை முடிந்து மணல் வந்தது. முன்சக்கரம் மணலில் புதைந்தது. சீட்டை விட்டு முன்னால் இறங்கவேண்டும் என்பது அவருக்கு ஞாபகம் வந்தது. அதற்குள் விழுந்துவிட்டார். நூற்றெட்டு கிலோவும் இடப்பக்கமாக மணலில் விழுந்தது.

அமலோற்பவம் ஓடி வந்தாள். "அடி பட்டுச்சா சார்?"

வையாபுரி புரண்டு, எழுந்து உட்கார்ந்தார். முழங்கையில் சிராய்ப்பு. மணலைத் துப்பினார்.

"மணி என்னங்க?"

"ஏழு நாப்பத்தொண்ணு."

"அப்ப நாலு நிமிசம் இருக்குது."

"இருக்கு."

எதிரே ஐம்பது அடி தூரத்தில் ஆறு கடலுக்குள் போய்க்கொண்டிருந்தது. ஆற்றுத் தண்ணீர் ஒரு நிறம், கடல் இன்னொரு நிறம். இரண்டும் சேரும் இடத்தில் அலை முகத்துவாரத்துக்குள் வந்து வந்து திரும்பியது. யாரும் அவருக்கு இதைச் சொல்லவில்லை. அவரே பார்த்தார்.

மற்ற ஆறு பேரும் வந்து சேர்ந்தார்கள். சைக்கிள்களை நிறுத்தினார்கள். வையாபுரி மணலில் உட்கார்ந்திருந்தார். உட்கார்ந்திருக்கிற வையாபுரியைப் பார்த்ததும் ஆறு பேருக்கும் கை தானாகப் போனது. ஆறு பைகள் அவரைச் சுற்றி விழுந்தன. ஆறு ஜோடிச் செருப்புகளும் விழுந்தன.

"மாப்ள, பாத்துக்கங்க," என்று சொல்லிக்கொண்டே நாச்சிமுத்து வேட்டியை மடித்துக் கட்டித் தண்ணீரை நோக்கி ஓடினார்.

அமலோற்பவம் விழுந்த சைக்கிளைத் தூக்கி நிறுத்தினாள். சீட்டில் ஒட்டிய மணலைத் தட்டினாள்.

வையாபுரி அந்தச் சீட்டையே பார்த்தார்.

"அம்மிணி, ஒண்ணு கேக்கட்டுங்களா?"

"கேளுங்க."

"ஒன்பது வருசமா இதே வேலைங்கறீங்க. நான் இறக்கச் சொன்னப்பவே உங்களுக்குத் தெரியும். இந்த நாலு விரலை நீங்க இறக்காமயே விட்டிருக்கலாம். ஒரு மணி நேரம் நான் பட்ட பாடு மிச்சமாகியிருக்கும். ஏனுங்க விடலை?"

அவள் ஸ்பேனரைத் துடைத்து இடுப்புப் பையில் வைத்தாள்.

"காலையில நீங்க நிக்கறதுக்குத்தான் சீட்டு கேட்டீங்க சார்."



வையாபுரி கையை ஊன்றி எழுந்தார். தன் செருப்பைக் கழற்றினார். ஆறு ஜோடிக்குப் பக்கத்தில் ஏழாவதாக வைத்தார். பிறகு தண்ணீரை நோக்கி நடந்தார்.

"மாப்ள!" என்று தண்ணீருக்குள் இருந்து நாச்சிமுத்து கத்தினார். "அங்க பையி?"

வையாபுரிக்கு அதற்குள் முழங்கால் நனைந்திருந்தது.