தேரைக்கு முதுகு கொப்புளித்த கதை

அந்தக் காலத்தில், மனிதரும் மற்ற உயிர்களும் ஒரே பேச்சைப் பேசிக்கொண்டிருந்தபோது, தேரைக்கு வழவழப்பான தோல் இருந்தது. தேய்த்து வைத்த புளியங்கொட்டையைப் போலப் பளபளக்கும்.

மலையடிவாரத்து ஊர் ஒன்றில் இருளாயி என்ற பெண் இருந்தாள். அவள் வீட்டுக் கொல்லையில் கத்தரியும் பூசணியும் அவரையும் செழித்துக் கிடந்தன. அது அவள் கைராசி என்று ஊர் சொன்னது. அவளும் அப்படித்தான் நம்பினாள்.

கொல்லை வாழையடியில், ஒரு கல்லுக்குக் கீழே தேரை குடியிருந்தது. பொழுது சாய்ந்ததும் வெளியே வந்து, செடிக்குச் செடி தாவிப் புழுவையும் வண்டையும் தின்னும். காலையில் இருளாயி பாத்திரம் கழுவி ஊற்றுகிற தண்ணீரில் நனைந்துவிட்டுப் படுத்துக்கொள்ளும்.

ஒரு நாள் இருளாயி நெல் அவித்தாள். முதல் ஈடு முடிந்தது. வெயில் இருக்கும்போதே இரண்டாம் ஈட்டையும் அவித்துக் காயப்போட வேண்டும்.

"மேகம் ஏறுது, சீக்கிரம்!" என்று அவள் கணவன் வீரணன் வாசலிலிருந்து சத்தம் போட்டான்.

இருளாயி பானையைத் தூக்கினாள். நெல் அவித்து மிஞ்சிய கொதிநீரை அப்படியே வாழையடியில் கொட்டினாள்.

கல்லுக்கடியிலிருந்து ஓர் அலறல் கேட்டது. தேரை தவழ்ந்து வெளியே வந்தது. அதன் முதுகு முழுக்கக் கொப்புளம் கொப்புளமாக எழும்பியிருந்தது.

"ஐயோ அண்ணே, நான் பார்க்கலையே!" என்று இருளாயி பதறினாள்.

"பார்க்கலைன்னு தெரியும் தாயி. அதனாலதான் போறேன்," என்றது தேரை. "வேணும்னு ஊத்தியிருந்தா உன்கூட ஒரு சண்டை போட்டுட்டு இங்கேயே இருந்திருப்பேன். பார்க்காம ஊத்துற இடத்துல எப்படிக் கண்ணை மூடித் தூங்குறது?"

சொல்லிவிட்டு வேலியைத் தாண்டி ஏரிப் பக்கமாகப் போய்விட்டது.

பத்தே நாளில் கத்தரி நாற்றுகள் அடியோடு வெட்டுப்பட்டுச் சாய்ந்தன. பூசணி இலைகளை வண்டுகள் சல்லடையாக்கின. இருளாயி சாம்பல் தூவினாள். மழை கரைத்துக்கொண்டு போனது. விடிந்ததும் குனிந்து புழுப் பொறுக்கினாள். மறுநாள் அதைவிட அதிகமாக இருந்தன. மழைக்காலம் முழுக்க அந்த வீட்டுக்குக் கறிகாய் தருவது அந்தக் கொல்லைதான்.

"உன் கைராசி எங்கே போச்சு?" என்று கேட்டான் வீரணன்.

"ஏரிக்கரைக்குப் போயிருச்சு," என்று சொல்லிவிட்டு இருளாயி கிளம்பினாள்.

கரையில் ஒரு தாழம்புதருக்கு அடியில் தேரை உட்கார்ந்திருந்தது. கொப்புளங்கள் காய்ந்து முண்டு முண்டாக நின்றன. இருளாயி அதன் அருகில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள்.

"வந்துடுங்க அண்ணே."

"இனி கவனமா இருப்பேன்னு சொல்லத்தானே வந்தே? அவசரத்துல கவனம் நிக்காது தாயி."

இருளாயி தெளிவாகச் சொன்னாள்: "என் கவனத்தை நம்ப வேண்டாம். அடுப்புப் பக்கத்திலேயே ஒரு குடம் பச்சைத் தண்ணி வச்சிருப்பேன். அதைக் கலந்து, முதல்ல என் விரலை விட்டுப் பார்ப்பேன். எனக்குச் சுடாட்டித்தான் மண்ணுல ஊத்துவேன்."

"மேகம் ஏறினா?"

"நெல்லு நனைஞ்சா மறுபடி காயப்போட்டுக்கலாம்."

தேரை புதருக்குள் நகர்ந்துவிட்டது. அவள் வெறுங்கையோடு வீடு திரும்பினாள்.

அடுத்த முறை நெல் அவித்த அன்று, பானையோடு கொல்லைக்கு வந்தவள் திகைத்து நின்றாள். வாழையடியில், கல்லுக்கு மேலே, தேரை உட்கார்ந்திருந்தது. அவளையே பார்த்தது.

அன்றும் வானம் கறுத்திருந்தது. இருளாயி பானையை இறக்கிவைத்து, அடுப்பருகே இருந்த குடத்தை எடுத்துவந்து பச்சைத் தண்ணீரை ஊற்றினாள். விரலை விட்டாள். சுரீரென்றது. வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள். வாசலில் தூறல் விழத் தொடங்கியது.

"நெல்லு நனையுது! அங்கே என்ன பண்றே?" என்று வீரணன் கத்தினான்.

"வர்றேன், நீங்க அள்ளுங்க!"

குடத்தில் மிச்சமிருந்ததையும் ஊற்றிக் கலக்கினாள். மறுபடி விரலை விட்டாள். இந்த முறை எடுக்கவில்லை. பத்து எண்ணும்வரை வைத்திருந்து, பிறகு பானையை மெல்லச் சரித்தாள்.

தேரை நகரவில்லை. கண்ணை மூடிக்கொண்டது. வெதுவெதுப்பான தண்ணீர் அதன் முதுகின்மேல் வழிந்து வாழை வேருக்கு ஓடியது.

"இதமா இருக்கு தாயி," என்றது.

பாதி நெல் நனைந்துதான் போனது. அதை உலர்த்த இரண்டு நாளானது. ஆனால் தேரை அன்று மாலையே பூசணிக் கொடிக்குள் புகுந்துவிட்டது. அடுத்த பட்டத்துக் கத்தரி கிளை தாழக் காய்த்தது. காரணம் கேட்டு வந்த பெண்களிடம் இருளாயி தன் கையைக் காட்டவில்லை, கல்லைக் காட்டி நடந்ததைச் சொன்னாள். அவர்களும் அடுப்பருகே ஆளுக்கொரு குடம் வைத்தார்கள். அவர்கள் கொல்லைகளிலும் தேரைகள் குடியேறின.

தேரையின் முதுகு முண்டும் முடிச்சுமாக இருப்பதும், கொதிநீரை மண்ணில் கொட்டப் போகிறவர்கள் ஒரு சொம்பு பச்சைத் தண்ணீர் கலந்துவிட்டுக் கொட்டுவதும் அன்று தொடங்கியதுதான்.