மாரிக்கனிக்குக் கிடைத்த முழு மதிப்பெண்

மலையடிவாரத்தில் ஒரு மறுவாழ்வு இல்லம் இருந்தது. தலையில் அடிபட்டு மூளை பாதிக்கப்பட்ட குழந்தைகள் அங்கே நடக்கவும் பேசவும் உண்ணவும் மீண்டும் பயின்றனர். இல்லத்தை நடத்தியவர் அமலோற்பவ அம்மையார். அவரிடம் அப்பணியைப் பயின்றவர் திருமேனி. கணிதப் பேராசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர், அம்மையாரைவிட வயதில் மூத்தவர்.

ஒருநாள் திருமேனி கேட்டார்:

"அம்மா, நம் பணியின் தரத்தை எதனால் அளப்பது?"

"நீங்கள் எதனால் அளக்கிறீர்கள்?"

"குழந்தை தானே செய்யக் கற்ற செயல்களால். உண்ணுதல், குடித்தல், உடுத்துதல், படியேறுதல், ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண் உண்டு. அடுத்த மாதம் எல்லா இல்லங்களையும் ஒப்பிட மேலிடத்தார் வருகிறார்கள். முதலிடம் நமக்கே."

"அவ்வளவு உறுதியா?"

"மாரிக்கனி ஒருத்தி போதாதா? டிராக்டரிலிருந்து விழுந்து, கிண்ணத்தைக்கூடப் பிடிக்க முடியாமல் வந்தவள். குடித்தலில் முழு மதிப்பெண்ணோடு வீடு திரும்பினாள்."



மறுநாள் காலை முதல் பேருந்தில் மாரிக்கனியே வந்து இறங்கினாள். உதடு வெடித்திருந்தது. உடல் காய்ச்சலில் கொதித்தது. அவள் கையைப் பற்றியிருந்த தாய் முத்துப்பேச்சியின் குரல் வாசலிலேயே உயர்ந்தது.

"மார்க்குப் போட்ட ஐயா எங்க? பிள்ளை தண்ணி குடிக்கிறாளான்னு வந்து பாருங்க!"

திருமேனி பதறவில்லை. இல்லத்தின் இருபிடிக் கிண்ணத்தில் நீர் கொணர்ந்தார். மாரிக்கனி இரு கைகளாலும் பற்றி, சிந்தாமல், ஒரே மூச்சில் குடித்தாள்.

"பார்த்தீர்களா? குடிக்கிறாளே."

"இங்க குடிப்பா. அந்தக் கிண்ணத்தையும் சீதனமாக் குடுத்து அனுப்பியிருக்கணும்! பள்ளிக்கூடத்துல ஒரு டிரம்மு, ஒரு சொம்பு. எல்லாப் பிள்ளையும் அண்ணாந்துதான் குடிக்கும். இவளுக்கு வலது கையில இன்னும் பலமில்ல, அண்ணாந்தா தலை சுத்தி விழுறா. வாய வச்சுக் குடிச்சிட்டா."

"பிறகு?"

"சுத்தம் வேணுமாம். டீச்சர் இவளுக்குன்னு தனிக் குவளை வாங்கி ஜன்னல் ஓரத்துல வச்சிட்டாங்க. அன்னையிலருந்து தொட மாட்டேங்குறா. பள்ளிக்கூடத்துல தாகம் எடுக்கக் கூடாதுன்னு வீட்டுலயும் குடிக்கிறதில்ல. இப்ப மூத்திரம் எரியுதுன்னு அழுவுறா."

"தனிக் குவளையில் குடித்தால் என்ன, அம்மா? குடிநீர்தானே முக்கியம்?"

முத்துப்பேச்சி அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"சுத்தம்னு சொல்லித்தான் எங்க அம்மாவுக்குக் கடையில தேங்காச் சிரட்டையில ஊத்துனாங்க. எனக்குத் தனிக் குவளை. என் பிள்ளைக்கும் அதுதானா, ஐயா? இதுக்கா முழு மார்க்கு?"

திருமேனியின் முகம் சிவந்தது. அவர் அம்மையாரிடம் திரும்பினார்.

"இது பள்ளியின் குற்றம், அம்மா. ஊரின் குற்றம். சிகிச்சையின் குற்றம் அன்று. நான் கண்ணால் கண்டுதான் மதிப்பெண் இட்டேன்."

"அது நம் கிண்ணத்திற்கு நீங்கள் இட்ட மதிப்பெண்" என்றார் அம்மையார்.

அவர் மாரிக்கனியை ஒரு செவிலியுடன் மருத்துவரிடம் அனுப்பிவிட்டு ஒரு சொம்பு நிறைய நீர் கொணரச் செய்தார். தம் துண்டை எடுத்துத் திருமேனியின் வலக்கையை முதுகோடு சேர்த்துக் கட்டினார். அவரை நின்ற இடத்திலேயே வேகமாகச் சுழலச் செய்தார்.

"இப்போது அண்ணாந்து குடியுங்கள்."

திருமேனி இடக்கையால் சொம்பை உயர்த்தினார். நீர் மூக்கில் ஏறி இருமல் வந்தது, சட்டை நனைந்தது. தடுமாறிச் சுவரைப் பிடித்தார். அங்கிருந்த குழந்தைகள் கைகொட்டிச் சிரித்தனர்.

"வாத்தியார் குளிக்கிறாரு!" என்றான் ஒருவன்.

அம்மையார் சிரிக்கவில்லை. உள்ளே சென்று ஓர் இருபிடிக் கிண்ணத்தை எடுத்து வந்து ஜன்னலோரம் வைத்தார்.

"இனி இந்த இல்லத்தில் நீங்கள் இதில்தான் அருந்த வேண்டும். மற்றவர்களுடைய பாத்திரத்தைத் தொட வேண்டாம்."

"என்னையா? இத்தனை பேர் முன்னிலையிலா? எதற்காக இந்த அவமதிப்பு?"

"அவமதிப்பா? குடித்தலில் முழு மதிப்பெண் பெறுவீர்களே."

திருமேனி கட்டவிழ்த்துக்கொள்ளவும் மறந்து நின்றார். முத்துப்பேச்சிதான் அருகில் வந்து முடிச்சை அவிழ்த்தாள்.

"இருமாதீங்க ஐயா, மெதுவா மூச்சு விடுங்க" என்றாள்.

அம்மையார் சொன்னார்:

"அந்தப் பள்ளி ஆசிரியரை நாளை நான் பார்க்கிறேன். பேச வேண்டியதைப் பேசுகிறேன். காய்ச்சல் தணிந்ததும் நீங்கள் மாரிக்கனியோடு பள்ளிக்குச் செல்லுங்கள். அந்த டிரம்மின் அருகில், அந்தப் பிள்ளைகளின் நடுவில் அவளைப் பழக்குங்கள். அண்ணாந்து குடிக்க அவளுக்கு இயலாதெனில், எல்லாரும் ஒரே விதமாகக் குடிக்க என்ன வழி என்று அவர்களிடமே கேளுங்கள்."

"மாதங்கள் ஆகும், அம்மா. அந்த மதிப்பெண்ணை அடித்துவிட்டால், மேலிடத்தார் வரும்போது அவள் பெயருக்கு நேரே ஒன்றும் இராது. முதலிடம் போய்விடும்."

"போகட்டும்."

திருமேனி தாழ்ந்த குரலில் கேட்டார்:

"அவள் குடிக்கக் கற்றுவிட்டாள் என்று எப்போது எழுதுவது?"

"தாகம் எடுத்ததும் யார் முகத்தையும் பாராமல் அவள் எழுந்து போகும் நாளில்."