பிரிக்காத ஓலை

பூட்டைத் திறக்காமலே உள்ளிருப்பதைக் கணக்குப் போடும் வித்தையை நாகர்கோவிலில் உலகம்மை கற்றுக்கொடுத்தாள். அவளிடம் படித்த ஜெபமணி வயதில் அவளைவிட மூத்தவர். சந்தேகப்படுவதில் அவரை மிஞ்ச ஆளில்லை.

ஒருநாள் இசக்கிராணி என்ற பெண் வந்தாள். அவள் அம்மா இதயநோயில் இறந்துபோனவள். அது பரம்பரையாக வருகிற நோய்.

"எனக்கும் இருக்கான்னு தெரியணும் அக்கா. ஆனா என்னத் தவிர யாரும் பாக்கக் கூடாது. யார்ட்ட சொல்லணும்ங்கத நான் பாத்துக்கிடுதேன்."

ரத்தப் பரிசோதனை விவரத்தைத் தன் போனிலேயே பூட்டி அனுப்பினாள். சாவி அவளிடமே இருந்தது. கணினி பூட்டோடு வாங்கி, பூட்டோடு கணக்குப் போட்டு, பதிலையும் பூட்டோடுதான் தந்தது. திரையில் தெரிந்ததெல்லாம் தலைகால் புரியாத எண்கள்.

ஜெபமணி அதை அவளுக்கு அனுப்பவில்லை.

"சாவியக் கேளுங்க டீச்சர். ஒரு தடவ தொறந்து பாத்துட்டு அனுப்பிருவோம்."

"ஏன் அண்ணாச்சி?"

"கணக்கு தப்பாயிருந்தா? இது ஒரு பிள்ளையோட உசுரு."

அவர் பயம் நியாயமானதுதான். உலகம்மை அதைக் குறை சொல்லவில்லை.

"உங்க தெருவுல ஓலைக்கொழுக்கட்டை அவிப்பாங்களா?"

"அவிப்பாங்க. எங்க வீட்டுப் பானை பெருசு. பக்கத்து வீட்டுக்காரங்களும் மாவப் பனையோலைக்குள்ள வச்சுக் கட்டிக் கொண்டாந்து போடுவாங்க."

"அவங்க ஓலைக்குள்ள என்ன வச்சிருப்பாங்க?"

"யாருக்குத் தெரியும்? கட்டித்தான வரும்."

"வெந்துட்டான்னு எப்படிப் பாப்பீங்க? அவங்க ஓலையப் பிரிச்சா?"

"சேச்சே. எங்க ஓலையில ஒண்ணப் பிரிச்சுத்தான..."



அதே பரிசோதனையை ஜெபமணிக்கும் எப்போதோ ஆஸ்பத்திரியில் செய்திருந்தார்கள். முடிவை அவர் ஒருவரிடமும் சொன்னதில்லை.  இப்போது தன் விவரத்தையும் தன் போனில் பூட்டி அதே கணக்குக்குள் போட்டார்.

பதில் வந்ததும் உலகம்மை முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள். அவர் தன் சாவியால் திறந்தார். 'நோய் உண்டு' என்றிருந்தது. டாக்டர் சொன்னதும் அதுதான். தினமும் மாத்திரையோடு சேர்த்து விழுங்கிவந்த அந்தச் சொல்லைப் பார்த்து ஜெபமணி முதல் தடவையாகச் சிரித்தார்.

"வெந்துட்டு டீச்சர்," என்றார்.

இசக்கிராணிக்கு அவளுடைய பதிலை அனுப்பினார்கள். அவள் வராந்தாவில் நின்று போனைத் திறந்து படித்தாள். இவர்களுக்கு அவள் முதுகு மட்டும் தெரிந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே வந்தாள்.

"அக்கா, என் தங்கச்சி பயந்துபோய் டெஸ்டே வேண்டாம்னு இருக்கா. அவளையும் கூட்டிட்டு வரட்டா?"

"கூட்டிட்டு வா."

அவள் போனபிறகு ஜெபமணிக்கு இருப்புக்கொள்ளவில்லை.

"அந்தப் பிள்ளைக்கு என்ன பதில் வந்திருக்கும் டீச்சர்?"

"அடுப்ப அணைச்சிராதீங்க அண்ணாச்சி," என்றாள் உலகம்மை. "அடுத்த ஓலை வருது."