கரடியார் பெயர் கூப்பிட்டபோது

நாவல்காட்டுச் சுனைக்கரையில் ஒரு பள்ளிக்கூடம் நடந்தது. சின்ன வயதில் படிக்க வாய்க்காதவர்கள், பிள்ளைகளை முதுகில் சுமந்துகொண்டே தொழில் கற்க வந்தவர்கள் என்று எல்லாருக்கும் அங்கே இடம் உண்டு. கட்டாமை என்கிற தரையாமையும் அங்கேதான் படித்தது. அந்த நாட்களை நினைத்தால் அதற்கு இன்றைக்கும் நெஞ்சு நெகிழ்ந்துவிடும்.

ஆமை படித்தது தண்ணீர் கண்டுபிடிக்கும் பாடம். முந்தைய கோடையில் அதன் குட்டை வற்றிப்போய், உயிர் போய் உயிர் வந்தது. அடுத்த கோடைக்குள் கற்காவிட்டால் அதன் கதை முடிந்தது.

பாடம் சொன்னது மைனா டீச்சர். அப்படி ஒரு டீச்சர் இனிக் கிடைப்பாரா? ஆமையின் குரலோ வெறும் மூச்சு மாதிரி இருக்கும். அது சந்தேகம் கேட்டால், மைனா பறந்து வந்து அதன் ஓட்டின்மேல் உட்கார்ந்து, தலையைச் சாய்த்துப் பொறுமையாகக் கேட்பாள்.

தலைமை ஆசிரியர் கரடியார். நல்லவர்தான், ஆனால் கண்பார்வை மட்டு. அதனால் தினமும் பாறைமேல் நின்று பெயர்களைக் கூப்பிடுவார். குரல் வந்தால் வந்தவர், வராவிட்டால் வராதவர். ஆமை பாவம், கழுத்தை எவ்வளவு நீட்ட முடியுமோ அவ்வளவு நீட்டும். அவருக்கு எங்கே தெரியும்?

"ஆமை இன்றும் மட்டம்! நாளையும் வராவிட்டால் பெயரை எடுத்துவிடுவேன்" என்றார் ஒருநாள்.

"ஐயா, அவர் முன்வரிசையிலேயே இருக்கிறார்" என்றாள் மைனா.

"அதை அவரே சொல்லட்டும் டீச்சர். ஆளுக்கொரு சட்டம் போட முடியுமா?"

மைனாவின் பாடும் திண்டாட்டம்தான். காலையில் பறவைகளுக்கு வகுப்பு, பகலில் தரையில் நடப்பவர்களுக்கு, இருட்டியதும் ஆந்தைகளுக்கும் வௌவால்களுக்கும். அவள் குரல் நாளுக்கு நாள் கரகரத்தது.

"ஒரு வகுப்பையாவது வேறு யாருக்காவது கொடுங்கள் ஐயா" என்று கேட்டாள்.

"உங்களை விட்டால் எனக்கு யார் இருக்கிறார்கள்?" என்று மெச்சிவிட்டுப் போனார் கரடியார். மெச்சினால் தொண்டைப்புண் ஆறிவிடுமா?

மறுநாள் காலை கரடியார் முதலில் ஆசிரியர்களைக் கூப்பிட்டார். "மைனா டீச்சர்!"

மைனா வாயைத் திறந்தாள். காற்றுதான் வந்தது.

"மைனா டீச்சர்! சொல்லாமல் கொள்ளாமல் போய்விட்டாரா? சரி, இன்றோடு தண்ணீர்ப் பாடம் கிடையாது."

ஆமை நீட்டிய கழுத்தை இழுத்துக்கொண்டு கிளம்பியது. தன் பெயர் போவது இருக்கட்டும், டீச்சரே போனால்? அது விறுவிறுவென்று, அதாவது ஆமைக்கு எது விறுவிறுப்போ அப்படி, பாறைச் சரிவில் ஏறிப் போய்க் கரடியாரின் காலில் ஓட்டால் இடித்தது.

"யாரது?" அவர் குனிந்து காதைக் கொடுத்தார்.

"ஆமை. தினமும் வந்தேன் ஐயா. டீச்சரும் இதோ இருக்கிறார். கத்திக் கத்தித் தொண்டை கட்டிவிட்டது. பேச முடியாதவர்களை வராதவர்கள் என்று சொல்லாதீர்கள்."

கரடியார் அப்படியே பாறைமேல் உட்கார்ந்துவிட்டார். "கண்தான் சரியில்லை, மூக்குக்கு என்ன வந்தது? இறங்கி வந்திருந்தாலே தெரிந்திருக்குமே" என்று தலையில் அடித்துக்கொண்டார்.

அன்று முதல் அவர் பாறைமேல் ஏறவில்லை. வரிசை வரிசையாக நடந்து, ஒவ்வொருவரையும் முகர்ந்து, "சாப்பிட்டாயா? உடம்பு எப்படி இருக்கிறது?" என்று கேட்டார். ராத்திரி வகுப்பை ஆந்தை எடுத்துக்கொண்டது. மைனாவுக்குக் குரல் திரும்பியது. ஆமை படிப்பை முடித்து, அந்தக் கோடையில் தானே தண்ணீர் கண்டுபிடித்துப் பிழைத்துக்கொண்டது.

ஆமைக்கு ஆயுசு கெட்டி. கரடியார் போய்விட்டார், மைனாவும் போய்விட்டாள், அது மட்டும் இருக்கிறது. பனிக்காலக் காலைகளில், கரடியாரின் ஈரமூக்கு முதுகில் பட்ட சில்லிப்புக்காக அது இன்னமும் ஏங்குகிறது.

சத்தம் போடுகிறவரை மட்டும் எண்ணாமல், சத்தம் வராத இடத்துக்கு நாமே நடந்து போய்க் கேட்டால்தான் எல்லாரும் சேர்ந்திருக்க முடியும்.