தவசி வாங்கி வந்த டேங்க்

"எத்தனை லிட்டர் இருந்தா பயமில்லாம போகலாம், மேஸ்திரி?"

தவசிதான் கேட்டான். கேட்ட இடம், போடிமெட்டு ரோட்டில் லூர்தம்மாளின் ஜீப் பட்டறை.

லூர்தம்மாள் வெல்டிங் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, அவன் ஆட்டோவிலிருந்து இறக்கி வைத்ததைப் பார்த்தார்.

தவசிக்கு அவரைவிடப் பத்து வயது கூட. ஆனாலும் பட்டறையில் அவன்தான் சீடன். மழை முடிந்த கையோடு ஒரு நாள் வந்து நின்றான். "என் வண்டியை என் கையாலேயே கட்டணும். சொல்லிக் கொடுங்க" என்றான்.

"இந்த வயசுலயா?"

"இனிமே வயசு குறையவா போகுது?"

சேர்த்துக்கொண்டார். அவர் அவனை அண்ணே என்பார். அவன் அவரை மேஸ்திரி என்பான். யாருக்கும் அதில் சங்கடம் இல்லை.

வண்டி பழைய ஜீப். இருவருமாகச் சேர்ந்து அதை நீட்டி, உயர்த்தி, பெரிய டயர் போட்டு, மலைக்கென்றே மாற்றிவிட்டார்கள். டேங்க் மட்டும் பாக்கி. டிரைவர் சீட்டுக்கு அடியில் இருந்த பழைய டேங்க்கைத் துரு தின்றுவிட்டது. அதே அளவில் ஒன்று பார்த்து வாங்கி வரச் சொல்லி மதுரைக்கு அனுப்பியிருந்தார்.

அவன் வாங்கி வந்தது லாரி டேங்க்.

"ஏண்ணே, மலை மேல பங்க் திறக்கப் போறீங்களா?"

தவசி சிரிக்கவில்லை.

"நல்ல டேங்க், மேஸ்திரி. தட்டிப் பார்த்துத்தான் எடுத்தேன். உள்ள தடுப்புத் தகடு இருக்கு. ஏத்தத்துல டீசல் ஒரே பக்கமா ஓடாது."

"ஒழுகல்?"

"காத்தடிச்சு, சோப்பு நுரை தடவிப் பார்த்துட்டேன். ஒரு குமிழி வரல."

லூர்தம்மாள் குனிந்து ஓரத்து வெல்டிங்கை விரலால் தடவினார். குறை சொல்ல ஒன்றும் இல்லை.

"சீட்டுக்கு அடியில பழைய அளவு போட்டுக்கிட்டு, வெளியில ஒரு கேன் மாட்டிக்கலாமே?"

"கேனும் தீரும்."

"இது தீராதா?"

"லேசுல தீராது."

அவனுக்குள் இருந்து எது பேசுகிறது என்று லூர்தம்மாளுக்குத் தெரியும்.

முட்டுக்கல் என்பது அவன் ஊர். மலைக்கு மேலே, ஏலக்காட்டை ஒட்டி. பஸ் கிடையாது. ஆம்புலன்ஸ் செக்போஸ்ட்டோடு நின்றுவிடும். ஊருக்கு இருக்கிற ஒரே வண்டி இந்த ஜீப்தான். போன கார்த்திகை மழையில் தவசியின் மனைவி காமுத்தாய்க்கு நெஞ்சுவலி வந்தது. வண்டியில் படுக்க வைத்து இறக்கினான். பாதை சரிந்து கிடந்தது. எஸ்டேட் ரோட்டில் சுற்றி வந்தான். ஒரு வளைவில் டீசல் தீர்ந்து வண்டி நின்றது. காமுத்தாய் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரவில்லை.

அதற்குப் பிறகு அவன் வண்டி ஓட்டவில்லை. பட்டறைக்குக்கூட இன்னொருவரை ஓட்டச் சொல்லித்தான் கொண்டு வந்தான்.

இப்போது அதே ஊரில் அமுதா என்ற பெண்ணுக்கு மாதம் நெருங்கிவிட்டது. தலைப்பிரசவம். இருவரும் டேங்க்கைப் பார்த்துக்கொண்டு நிற்கும்போதே அவள் அப்பன் பட்டறைக்கு இறங்கி வந்து கேட்டான்.

"வண்டி எப்ப மேல வரும், தவசி?"

"பெரிய டேங்க் மாட்டணும். மாட்டினாத்தான் ஸ்டியரிங்கைத் தொடுவேன்."

"பிள்ளை டேங்க்குக்காகக் காத்திருக்குமா?"

"போய்யா."

அந்த ஆள் போய்விட்டான். வேறு என்ன செய்வான்.

லூர்தம்மாள் கையைத் துடைத்தார்.

"எங்க வைக்கப் போறீங்க?"

"பின்னால. அளந்துட்டேன். சீட்டைக் கழட்டிட்டா கச்சிதமா உட்காரும்."

"மாட்டுங்க."

தவசி அவர் முகத்தைப் பார்த்தான். நிஜமாகத்தான் சொல்கிறார் என்று தெரிந்ததும் வேலையை ஆரம்பித்தான்.

பின் சீட்டுகளைக் கழற்றி வெளியே வைத்தான். டேங்க்கைக் குறுக்காக ஏற்றினான். இரும்புப் பட்டி போட்டு இறுக்கினான். தகடும் பட்டியும் உரசாமல் இருக்க நடுவில் பழைய டியூப்பை வெட்டி வைத்தான். காற்றுப் போகும் குழாயைத் தண்ணீர் ஏறாத உயரத்துக்கு வளைத்துக் கட்டினான். லூர்தம்மாள் கூட நின்று ஸ்பானர் எடுத்துக் கொடுத்தார். ஒரு இடத்தில்கூட அவனைத் திருத்த வேண்டியிருக்கவில்லை. அவனுக்கு வேலை வந்துவிட்டிருந்தது.

சாயங்காலம் முடித்தான். இரண்டு கையாலும் டேங்க்கைப் பிடித்து உலுக்கினான். வண்டிதான் ஆடியது. டேங்க் ஆடவில்லை.

"எப்படி, மேஸ்திரி?"

லூர்தம்மாள் செருப்பைக் கழற்றிவிட்டுப் பின்பக்கமாக வண்டியில் ஏறினார். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு டேங்க்குக்குப் பக்கத்தில் படுத்தார். முழங்கால் மோவாய்க்கு வந்தது.

"என்ன மேஸ்திரி இது?"

"இப்ப நான் பிள்ளைத்தாச்சி. காலை நீட்ட முடியலையே, அண்ணே."

"பின் கதவைத் திறந்து விட்டா நீட்டலாம்."

திறந்து விட்டான். நீட்டினார். இரண்டு காலும் வண்டிக்கு வெளியே தொங்கின.

"வழியில ஒரு ஏத்தம் வந்தா வழுக்கிக்கிட்டுப் போயிருவேன்."

"கயிறு போட்டுக்கலாம்."

"ஏலக்காய் மூட்டை மாதிரியா?"

தவசி பின் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"சரி, மடக்கியே படுக்கிறேன். தலையை எங்க வைக்க?"

"டேங்க்கை ஒட்டி ஒரு தலகாணி வச்சுக்கலாம்."

"தலைமாட்டுல யாரு உட்காருவா?"

தவசி எட்டிப் பார்த்தான். தலைமாட்டில் டேங்க்தான் இருந்தது. ஒரு கோழி வேண்டுமானால் உட்காரலாம்.

அவனுக்குக் கோபம் வந்துவிட்டது.

"இடம் இல்லாட்டி இல்லாமப் போகுது! போய்ச் சேரணுமா வேண்டாமா? அதைச் சொல்லுங்க. அன்னைக்கு இன்னும் கொஞ்சம் டீசல் கிடந்திருந்தா..."

மட்கார்டைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

லூர்தம்மாள் எழுந்திருக்கவில்லை. படுத்த வாக்கிலேயே, கூரைத் தார்ப்பாயைப் பார்த்துக்கொண்டு கேட்டார்.

"அன்னைக்கு மதினி தலைமாட்டுல யாரு இருந்தது?"

"யாருமில்ல. ஆளைக் கூப்பிட நேரமில்ல. நான் ஓட்டிக்கிட்டிருந்தேன்."

"பேசினாங்களா?"

"என்னமோ சொல்லிக்கிட்டே வந்தா. இஞ்சின் சத்தத்துல கேக்கல. இந்தா வந்துட்டோம், இந்தா வந்துட்டோம்னு நானும் கத்திக்கிட்டே ஓட்டினேன்."

"அவங்களுக்குக் கேட்டுச்சா?"

"தெரியல."

ரோட்டில் ஒரு லாரி போனது. அது தாண்டிப் போகும்வரை லூர்தம்மாள் பொறுத்திருந்தார்.

"வண்டி நின்னதும்?"

"பின்னால ஓடினேன். ஏறி உட்கார்ந்து தலையைத் தூக்கி மடியில வச்சேன்."

"ம்."

"கண்ணைத் திறந்து பார்த்தா."

"ஏதும் சொன்னாங்களா?"

தவசி டேங்க் மேல் கையை வைத்தான். பிறகு எடுத்துக்கொண்டான்.

"'வந்துட்டீகளா'ன்னா."

லூர்தம்மாள் மெதுவாக எழுந்தார். இடுப்பைப் பிடித்துக்கொண்டு கீழே இறங்கினார். செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டார். அவனைப் பார்க்காமலே அழுக்குத் துணியை எடுத்து நீட்டினார். அவன் அதிலேயே முகத்தைத் துடைத்துக்கொண்டான். கன்னத்தில் கிரீஸ் அப்பியது.

"மேஸ்திரி."

"சொல்லுங்க."

"அமுதாவை ஏத்திக்கிட்டு இறங்கும்போது, மறுபடியும் வழியில நின்னு போச்சுன்னா?"

லூர்தம்மாள் டேங்க்கின் பட்டியில் ஸ்பானரைப் போட்டுக் கழற்ற ஆரம்பித்தார்.

"முதல்ல தலைமாட்டுல ஒரு ஆள் உட்கார இடம் விடுங்கண்ணே. டேங்க்கு, மிச்சம் இருக்கிற இடத்துல."