உரிக்காத துணி

"டீச்சர், ஒட்டவில்லை" என்றார் மாசிலாமணி.

காற்றாலை இறக்கை செய்யும் தொழிற்சாலை அது. ரெஜினா ஒட்டுப் பிரிவின் தலைவி. கவனமில்லாதவன் கையில் பசைக் கரண்டியால் அடிப்பாள். அதனால் எல்லோருக்கும் அவள் டீச்சர். மாசிலாமணி அவளைவிட வயதில் மூத்தவர், நிரந்தரத் தொழிலாளர் சங்கத்தின் செயலாளர். ஒட்டு வேலையை அவளிடம்தான் கற்றார்.

"எது ஒட்டலை?"

"நாங்களும் காண்ட்ராக்ட் ஆட்களும். நேத்துக் கூட்டுக் குழு போட்டோம். கைதட்டல், கோஷம் எல்லாம் ஆச்சு. இன்னைக்குக் காலையில கேட்டுக்கு வெளியே அவங்க மட்டும் நிக்கிறாங்க. எங்க ஆளுங்க உள்ளே வந்து கார்டு அடிச்சிட்டாங்க."

"நீங்க எங்கே நிக்கீங்க, செயலாளரே?"

"உங்ககிட்டக் கேக்கத்தான் உள்ளே வந்தேன்."

"கார்டு அடிச்சிட்டு."



சுடலைக்கண் என்ற காண்ட்ராக்ட் தொழிலாளி முந்தாநாள் இறக்கைக்குள் செத்துப்போனான். இறக்கையின் நுனிப் பக்கம் உட்புறம் குறுகிக்கொண்டே போகும். தவழ்ந்துதான் போக வேண்டும். பசையின் நெடி அங்கே தேங்கும். கம்பெனி, எங்கள் ஆள் இல்லை என்றது. காண்ட்ராக்டர், அந்த வேலைக்கு நான் அனுப்பவில்லை என்றார். அவனை உள்ளே அனுப்பியது யார் என்று தெரியாமல் உடலை வாங்க மாட்டேன் என்று அவன் மனைவி பேச்சி பிணவறை வாசலில் உட்கார்ந்திருந்தாள்.

சங்கம் கண்டன அறிக்கை அச்சடித்தது. நல்ல தாள். சங்கக் கொடி தியாகத்தின் நிறம். தியாகம் மட்டும் எப்போதும் காண்ட்ராக்ட் ஆளுடையது.

ரெஜினா மேஜையிலிருந்து ஒரு துண்டை எடுத்துக் கொடுத்தாள். இரண்டு ஃபைபர் பலகைகள் சேர்த்து ஒட்டியது.

"இதுல ஆணி இருக்கா?"

"இல்லை."

"போல்ட்டு?"

"இல்லை. துளை போட்டா நார் அறுந்துபோகும். விரிசல் அங்கேதான் ஆரம்பிக்கும்."

"பாக்க எப்படி இருக்கு?"

"சுத்தமா இருக்கு."

"இழுங்க."

இழுத்தார். அப்பளம் போலக் கழன்று வந்தது. பசை முழுவதும் ஒரு மெல்லிய துணியைப் பிடித்துக்கொண்டிருந்தது. அடியிலிருந்த பலகையில் பசையின் தடமே இல்லை.

"துணியை உரிக்காம ஒட்டியிருக்கான், பாவி" என்றார் மாசிலாமணி.

அந்தத் தொழிற்சாலையில் யார் செய்தாலும் அடி விழும் தவறு அது. வார்த்த பலகை இறுகும்வரை அழுக்குப் படாமலிருக்க அதன் மேல் ஒரு துணி போர்த்துவார்கள். துணி பலகையோடு பலகையாகப் படிந்துவிடும். ஒட்டுவதற்கு முன் அதைக் கிழித்து எடுக்க வேண்டும்.

ரெஜினா வேறொரு பலகையை நீட்டினாள்.

"உரிங்க."

ஓரத்தைப் பிடித்துக் கிழித்தார். தோல் உரிவது போலச் சத்தம் வந்தது. அடியில் சொரசொரப்பாக, வெளிறிய பரப்பு தெரிந்தது. பழக்க தோஷத்தில் உள்ளங்கையால் தடவப் போனார்.

அவர் கையில் கரண்டி விழுந்தது.

"கை வைக்காதீங்க. கையில எண்ணெய்ப் பசை இருக்கு. பச்சைப் புண்ணா இருக்கும்போதே ஒட்டணும்."

அவள் தட்டில் பசையைக் குழைக்க ஆரம்பித்தாள்.

"பேச்சியைப் பாத்தீங்களா?"

"பாத்தோம். மாலை வச்சோம். சங்கத்துப் பேர் போட்ட மாலை."

"அவ என்ன கேட்டா?"

"உள்ளே போகச் சொன்னது யாருன்னு கேட்டா."

"என்ன சொன்னீங்க?"

"நிர்வாகம்னு சொன்னோம்."

"நிர்வாகத்துக்கு வாய் உண்டா?"

"சூப்பர்வைசர்தான் சொன்னாரு."

"யார்கிட்ட?"

மாசிலாமணி பலகையைப் பார்த்தார்.

"சீக்கிரம் சொல்லுங்க. பசை இறுகுது."

"என்கிட்ட."

"அன்னைக்கு உள்ளே போகவேண்டியது யாரு?"

"எல்லாரும் அப்படித்தான் டீச்சர். நுனிக்குள்ள நிரந்தர ஆள் போறதில்லை. வழக்கம்."

"வழக்கத்தைக் கேக்கலை. முறை யாருது?"

"என்னுது."

ரெஜினா தட்டைச் சாய்த்துப் பார்த்தாள். பசை இறுகிவிட்டிருந்தது, அசையவில்லை. அதைக் குப்பைத் தொட்டியில் தட்டிவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விட்டாள்.

மாசிலாமணி வெளியே நடந்தார். கேட்டில் நின்றவர்கள் அவருக்கு வழி விட்டார்கள். யாரும் தோழர் என்று கூப்பிடவில்லை.

பிணவறை வாசலில் பேச்சி தரையில் உட்கார்ந்திருந்தாள். சங்கத்து மாலை சுவரோரம் வாடிக் கிடந்தது.

"மறுபடியும் மாலையா?" என்றாள்.

"இல்லைம்மா. அவனை உள்ளே போகச் சொன்னது நான்தான். அது என் முறை."

சுற்றி நின்றவர்கள் நெருங்கினார்கள். ஒருவன் சட்டையைப் பிடித்தான். பேச்சி கையைக் காட்டி நிறுத்தினாள்.

"உள்ளே இருந்து குரல் குடுத்தாரா?"

"குடுத்தான்."

"என்ன சொன்னாரு?"

"'அண்ணாச்சி, தலை சுத்துது'ன்னான்."

"நீங்க?"



"'கொஞ்சந்தாம்லே, முடிச்சிட்டு வா'ன்னேன்."

சட்டையைப் பிடித்தவனின் கை தானாக விழுந்தது.

பேச்சி தரையில் கையூன்றி எழுந்தாள். முந்தானையை இழுத்துச் செருகினாள்.

"நடங்க" என்றாள். "உங்க ஆளுங்க முன்னால வந்து சொல்லுங்க. ஒரு வார்த்தை குறையக் கூடாது."